தோல் ஊர்களிலிருந்து சிற்றேடுகளுக்கு...



"நம்ம பக்கத்து இலக்கியம் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். பெயர்ப் பட்டியல் போட்டுவிட்டுப் போவது சுலபம். ஆனால் பட்டியலை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. ஆகவே ஒரு கேள்வியை எடுத்துக் கொள்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் ஊர்களில் ஒருவர் ஒரு கவிதையோ சிறுகதையோ எழுதிவிட்டார் என்று வையுங்கள். அது அச்சில் வர என்ன வழி இருந்தது? அந்த வழியில் யார் யார் போனார்கள்? யாருக்கு அது நெடுநாள் அடைத்தே கிடந்தது?

தோல் கட்டிய கல்லூரிகள்

நம்ம பக்கத்தில் கல்லூரிகள் எப்படி வந்தன என்பதை முதலில் பார்த்துவிடலாம். வேலூர் ஊரிசு கல்லூரி 1898இல் மிஷனரிகள் தொடங்கியது. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951இல் சலேசியத் துறவிகள் தொடங்கியது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி (1965), ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி (1969) ஆகியவற்றின் பின்னால் இருப்பது பெரும்பாலும் தோல் வணிகர்களின் கொடை. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோல், கப்பலேறிப் போய்க் கொண்டு வந்த பணத்தில் ஒரு பங்கு கரும்பலகையாகவும் நூலகமாகவும் மாறியது. இது பெருமைக்குரிய செய்தி, சந்தேகமில்லை.

ஆனால் அந்தத் தோலைத் தொட்டியில் இறங்கி மிதித்தவர்கள், முடி கழித்தவர்கள், சுண்ணாம்பு அள்ளியவர்கள் யார்? அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதிக்க எத்தனை காலம் ஆயிற்று? முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை இங்கேதான் பாதி இருக்கிறது.

காலணாவுக்கு ஒரு பத்திரிகை

சிறுபத்திரிகை என்றதும் எல்லோரும் மணிக்கொடியில் ஆரம்பிப்பார்கள். நம்ம பக்கத்துக் கதை அதற்கும் கால் நூற்றாண்டு முந்தியது.

1907 ஜூன் 19ஆம் தேதி சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. 1914இல் பண்டிதர் காலமாகும் வரை விடாமல் நடத்தினார். ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதிக் கொள்ள அவர் திறந்த கதவு அது. அந்தப் பத்திரிகைக்குத் தோள் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் கோலார் தங்கவயல் தொழிலாளர்களும், அங்கும் திருப்பத்தூரிலும் பிற ஊர்களிலும் இருந்த பௌத்த சங்கக் கிளையினரும்தான். சுரங்கத்தில் இறங்கிய கை காசு அனுப்பியது. கேள்வி கேட்டும் கடிதம் எழுதியது. பத்திரிகை பதில் போட்டது. பண்டிதருக்குப் பின், 1926இல் ஜி. அப்பாதுரையார் அதே பெயரில் கோலார் தங்கவயலிலிருந்து இதழை மீண்டும் கொண்டு வந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பத்திரிகை நின்றதும் அதன் பேச்சும் ஓய்ந்து போயிற்று. தமிழ் உரைநடை வரலாறு எழுதியவர்கள் பல பத்தாண்டுகள் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய பிரதிகளைப் பத்திரமாகக் காத்து வைத்திருந்ததால்தான், ஞான. அலாய்சியஸ் தொகுத்து, 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவந்தது. அதன் பிறகு பல்கலைக்கழகங்களில் எத்தனை ஆய்வுகள்! தொண்ணூறு வருஷம் பரணில் கிடந்த காகிதம் ஒரு துறையையே திருப்பிப் போட்டது என்றால் மிகையில்லை.

மு.வ. என்ன செய்தார்?

பெரிய பத்திரிகைக்கு எழுதி அனுப்புவது, கிடைக்காவிட்டால் சொந்தச் செலவில் போடுவது - இதுதான் அந்தக் காலத்தில் வெளியூர் எழுத்தாளனுக்கு இருந்த இரண்டு வழி. டாக்டர் மு. வரதராசனார் நம்ம மண்ணின் பிள்ளை. 1912இல் பிறந்தவர், திருப்பத்தூரில் வளர்ந்து அங்கேயே நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். 1946இல் வெளிவந்த தம் முதல் நாவலான 'செந்தாமரை'யை அவரே சொந்தமாக வெளியிட்டார். பிற்காலத்தில் வாலாசாப் பகுதியைக் களமாகக் கொண்ட 'அகல் விளக்கு' அவருக்கு 1961ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்தது. பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் ஆனார். அவரளவு உழைப்பும் வாசகர் பலமும் வாய்த்தவரே தொடக்கத்தில் கைக்காசைப் போட வேண்டியிருந்தது என்றால், பெயர் தெரியாத ஓர் இளைஞனின் கதி என்ன, யோசித்துப் பாருங்கள்.

சிற்றேடு என்றால் என்ன?

அந்த இளைஞனுக்காகத்தான் மூன்றாவது வழி உண்டாயிற்று. 1933இல் தொடங்கிய மணிக்கொடி, 1935இல் பி.எஸ். ராமையா ஆசிரியரானதும் சிறுகதைக்கென்றே ஒரு பத்திரிகையாக மாறியது. அது நின்று இருபது வருஷம் கழித்து, 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா திருவல்லிக்கேணியிலிருந்து 'எழுத்து' கொண்டு வந்தார். இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை, கடையில் போட்டு விற்பதில்லை, வேண்டியவர்களுக்கு நேரே சேர்ப்பது என்று அவரே வரம்பு கட்டிக் கொண்டார். அந்த எண்ணிக்கையை எட்டுவதே பெரும்பாடாக இருந்தது. கையிலிருந்ததைப் போட்டார், மனைவியின் நகையும் போயிற்று. புத்தக மூட்டையைச் சுமந்து கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 1970 வரை 119 இதழ்கள். ந. பிச்சமூர்த்தி தொடங்கி அன்றைய இளைஞர்கள் வரை எழுதிய புதுக்கவிதை அந்த மெல்லிய ஏட்டில்தான் வேர் பிடித்தது. 1962இல் வந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பு பின்னர் கல்லூரிப் பாடமாகவும் ஆயிற்று.

பிறகு வரிசையாக வந்தன. சேலத்திலிருந்து 'நடை' 1968இல். சென்னையிலிருந்து 'வல்லின மாத ஏடு' என்று குறும்பாகச் சொல்லிக் கொண்ட 'கசடதபற' 1970இல். கோவையிலிருந்து 'வானம்பாடி' 1971இல். இடதுசாரி இயக்கங்கள் சார்ந்து 'தாமரை', 'செம்மலர்'. டெல்லியிலிருந்து 1965 முதல் வந்த 'கணையாழி'யோ பெரிதுமில்லாமல் சிறிதுமில்லாமல் நடுவில் நின்றது.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். அன்றைக்கு ஒரு கவிதை அச்சாவது எப்படி? தாளின் ஒரு பக்கம் மட்டும், ஓரம் விட்டு, தெளிவாக எழுத வேண்டும். திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையும் உள்ளே வைக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும், ரெண்டு மாசமோ ஆறு மாசமோ. ஆசிரியர் என்று அங்கே இருப்பவர் பெரும்பாலும் பகலில் வேறு உத்தியோகம் பார்ப்பவர். ராத்திரி உட்கார்ந்து கதை படிப்பார். கல்யாணப் பத்திரிகையும் வால்போஸ்டரும் அடிக்கும் உள்ளூர் அச்சகத்தில், முகூர்த்த சீசன் முடிந்த பிறகுதான் சிற்றேட்டுக்கு இடம் கிடைக்கும். எழுத்தெழுத்தாக ஈயத்தைக் கோத்து, புரூஃப் எடுத்துத் திருத்தி, டிரெடில் மிஷினில் ஃபாரம் ஃபாரமாக ஓட்டி, ஆசிரியரும் நண்பர்களும் உட்கார்ந்து மடித்து, விலாசம் எழுதிப் புக் போஸ்ட்டில் சேர்ப்பார்கள். பதிவு வாங்க முடியாதவர்கள் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று முகப்பில் போட்டுக் கொள்வார்கள். எழுதியவருக்குச் சன்மானம் என்ன தெரியுமா? இதழின் ஒரு பிரதி. சில சமயம் அதற்கும் சந்தா கேட்டுக் கடிதம் வரும்!

இவ்வளவுக்கும் எழுதினார்கள், ஏன்? வெகுஜன வார இதழில் ஒரு கதைக்கு அளவு உண்டு, நெளிவு சுளிவு உண்டு, படம் போட இடம் விட வேண்டும். சிற்றேட்டில் அந்தக் கட்டு இல்லை. அதோடு, ஊர் பேர் தெரியாத ஒரு ஆள் அக்கறையாகப் படித்து, "மூன்றாம் பத்தி தேவையில்லை, முடிவை மாற்றிப் பாருங்கள்" என்று ஒரு கார்டு போடுவார். அந்தக் கார்டுதான் பல பேருக்குப் பல்கலைக்கழகம்.

வாணியம்பாடியில் ஒரு தமிழாசிரியர்

நம்ம பக்கத்திலிருந்து இந்த அலைக்குள் போனவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அப்துல் ரகுமான். பிறந்தது 1937இல் மதுரையில். தகப்பனாரும் பாட்டனாரும் உருதுக் கவிஞர்கள். 1961இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரிக்குத் தமிழ் கற்பிக்க வந்தவர், ஏறத்தாழ முப்பது வருஷம் அங்கேயே இருந்தார். 

வாணியம்பாடி அவருக்குப் பொருத்தமான ஊர். ஒரு தெருவில் தமிழ், அடுத்த தெருவில் உருது. முஷாயிரா என்னும் உருதுக் கவியரங்கம் அந்த ஊருக்குப் பழக்கமான விஷயம். கேட்பவர்கள் 'வாஹ் வாஹ்' என்று வாய்விட்டுப் பாராட்டும் அந்தச் சூழலும், தமிழ்க் கவியரங்க மேடையும் அவரிடம் சேர்ந்தன. வானம்பாடி இயக்கத்தோடு அவர் இணைந்து நின்றார். 'விலையிலாக் கவிமடல்' என்று சொல்லிக் கொண்டு இலவசமாகவே விநியோகிக்கப்பட்ட ஏடு வானம்பாடி. 1974இல் அவருடைய முதல் தொகுப்பு 'பால்வீதி' வெளிவந்தது. ஜப்பானிய ஹைக்கூவைப் பற்றிப் பாரதியார் 1916லேயே சுதேசமித்திரனில் எழுதியிருந்தார். தமிழில் அதை எழுதிப் பார்த்துக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர் அப்துல் ரகுமான். கஜலையும் தமிழுக்குக் கொண்டு வந்தார். 'ஆலாபனை'க்கு 1999ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2017 ஜூன் 2ஆம் தேதி மறைந்தார்.

அவர் வாணியம்பாடியில் இருந்ததால் நம்ம பக்கத்து மாணவர்களுக்கு ஒரு பெரிய லாபம்: கவிஞன் என்பவன் சென்னையிலோ கோவையிலோதான் இருப்பான் என்ற எண்ணம் உடைந்தது. பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். வகுப்பில் யாப்பு நடத்துகிறவரே வெளியில் யாப்பை மீறி எழுதுகிறார் என்று கண்ணால் கண்டார்கள். கையெழுத்துப் பத்திரிகை, உருட்டச்சுப் பத்திரிகை, இன்லண்ட் லெட்டரிலேயே அச்சடித்து அனுப்பும் இதழ் என்று மாணவர்கள் தாங்களே இறங்கியதும் அந்தக் காலத்துப் பொதுவான காட்சி.

தோல் எங்கே போயிற்று?

இங்கேதான் நம் கேள்வியின் மறுபாதி வருகிறது. கல்லூரி இருந்தது, கவிஞர் இருந்தார், அச்சகம் இருந்தது, சிற்றேடுகளும் இருந்தன. நிலா வந்தது, புரட்சி வந்தது, வறுமையும் வந்தது. ஆனால் டேனரியின் தொட்டி அதிகம் வரவில்லை. காலை ஷிஃப்டுக்கு ஷூ கம்பெனி வேனுக்காக நிற்கும் பெண்கள் வரவில்லை. நுரைத்து ஓடிய கழிவுநீர் வரவில்லை. என் வாசிப்புக்கு எட்டிய வரை, தமிழில் தோல் தொழிலாளர் வாழ்க்கையை முழு நாவலாக எழுதி நாடு முழுக்கக் கவனம் பெற்றது டி. செல்வராஜின் 'தோல்'. அது 2010இல் வந்தது. 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதுவும் திண்டுக்கல் கதை. நம்ம ஊர்க் கதை அல்ல.

ஏன் இப்படி? எனக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று. 

ஒன்று, மேடை. கவியரங்கக் கவிதை கைதட்டலைக் கேட்டு வளர்வது. கேட்டவுடன் பிடிபடும் பொதுவான விஷயம் அதற்கு வேண்டும். தொட்டிக்குள் இறங்கியவனின் காலில் வரும் புண்ணைப் பற்றி நிதானமாகச் சொல்ல மேடையில் நேரமில்லை. 

இரண்டு, நெருக்கம். சம்பளம் தரும் தொழில், ஊரைத் தாங்கும் தொழில், கல்லூரி கட்டிய தொழில். அதைப் பற்றி ஊருக்குள் இருந்துகொண்டு எழுதுவது எளிதல்ல. வெளியாள் எழுதினால் குற்றப்பத்திரிகை ஆகிவிடும். உள்ளாள் எழுதினால் வீட்டு விஷயத்தை வெளியே சொன்னதாகிவிடும். 

மூன்றாவதுதான் முக்கியம். எழுத வேண்டியவர்கள் அப்போதுதான் படித்துக் கொண்டிருந்தார்கள். தொட்டியில் இறங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பட்டம் வாங்கி, ஆசிரியர் வேலைக்குப் போய், மாதச் சம்பளத்தில் ஒரு சிற்றேட்டுக்குச் சந்தா கட்டும் நிலைக்கு வர நாளாயிற்று.

வந்தபோது அவர்களுக்கென்று ஏடுகளும் வந்தன. அம்பேத்கர் நூற்றாண்டான 1991ஐ ஒட்டித் தலித் இலக்கியம் என்ற குரல் தமிழில் உரத்து எழுந்தது. 1997இல் புனித பாண்டியனை ஆசிரியராகக் கொண்டு 'தலித் முரசு' தொடங்கியது. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் கவிதையிலும் சிறுகதையிலும் தொடங்கி, 'தகப்பன் கொடி', 'வல்லிசை' என்று நாவல்களுக்குப் போனார். ஆம்பூரிலிருந்து யாழன் ஆதி கவிதை எழுதினார். இருவரும் தலித் முரசின் பக்கங்களில் தொடர்ந்து எழுதியவர்கள். வடஆர்க்காட்டுச் சேரிப் பேச்சு, மாட்டுக்கறி வாசம், பறையின் அடி, கையை விட்டுப் போன நிலம் - எல்லாம் மன்னிப்புக் கேட்காமல் அச்சில் ஏறின. அயோத்திதாசரின் காலணாப் பத்திரிகைக்குக் காசு அனுப்பிய ஊர்களின் பிள்ளைகள், தொண்ணூறு வருஷம் கழித்து, இன்னொரு சிறிய ஏட்டில் எழுதினார்கள் என்பதை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை.

தீர்ப்பில் இருப்பதும் இல்லாததும்

அதே காலத்தில் நம்ம ஊர் வேறொரு ஏட்டிலும் இடம் பெற்றது - சட்ட அறிக்கை ஏட்டில். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு சொன்னது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற கணக்கு அதில் வருகிறது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கும் வருகிறது. ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தியா முழுக்க இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

தீர்ப்பு ஹெக்டேரைச் சொல்லும். ஆனால் கிணற்றுத் தண்ணியில் சோறு வடித்தால் என்ன நிறம் வந்தது, டேனரி சட்டையோடு பஸ்ஸில் ஏறியவன் பக்கத்தில் யார் உட்கார மறுத்தார்கள், தொழிற்சாலை மூடியிருந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது - இதையெல்லாம் எந்த நீதிமன்றமும் எழுதாது. முதலாளியின் கடன் கவலையும் அதில் வராது. இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் நாம்தான். நாம் எழுதாவிட்டால் நம்ம ஊரைப் பற்றிப் பிற்காலத்தவர்கள் தெரிந்து கொள்ள அந்தத் தீர்ப்பு ஒன்றுதான் மிஞ்சும்.

மாணவ நண்பர்களுக்கு நாலு வார்த்தை

இன்றைக்கு எழுதியதை அரை நிமிஷத்தில் கைப்பேசியில் போட்டுவிடலாம். நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போட்டவுடன் வரும் பாராட்டு அந்தப் பழைய கவியரங்கக் கைதட்டல் மாதிரிதான். சந்தோஷமாக இருக்கும், எழுத்து திருந்தாது. உங்கள் கதையை உங்களைத் தெரியாத ஒரு ஆசிரியருக்கு அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னால் அந்த இதழை நாலு மாசம் வாங்கிப் படியுங்கள், சந்தா கட்டுங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் மூன்று இதழுக்கு அனுப்பாதீர்கள். திரும்பி வந்தால் ஒரு வாரம் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படியுங்கள். எங்கே சறுக்குகிறது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

நாலு பேர் சேர்ந்து சொந்தமாக இதழ் நடத்த நினைத்தாலும் நடத்துங்கள். 1867ஆம் ஆண்டுப் பழைய அச்சுச் சட்டத்துக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் புதிய பருவ இதழ்ப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவை இணையத்திலேயே செய்து கொள்ளலாம். ஆனால் பதிவுப் புத்தக அஞ்சல் சலுகை 2024 டிசம்பரில் நின்று போனதால், தபால் செலவைத் தாராளமாகவே கணக்குப் போட்டு வையுங்கள். மூன்றாவது இதழுக்குப் பணம் எங்கே இருந்து வரும் என்று யோசித்துவிட்டு முதல் இதழைப் போடுங்கள்.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், ஒரு கட்டுச் சிற்றேடு இருக்கக் கூடும். நீங்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையாக இருக்கலாம். உங்கள் ஒரே ஒரு கவிதை வந்த இதழாக இருக்கலாம். அட்டை கிழிந்திருக்கும், பூச்சி அரித்திருக்கும். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்து வைத்த புத்தகங்களும் இதழ்களும்தான் 1994இல் சென்னையில் அவர் பெயராலேயே ஓர் ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்தன. அன்பு பொன்னோவியத்தின் சேகரிப்பு என்ன செய்தது என்று மேலே சொன்னேன்.

ஆகவே அடுத்த சந்திப்புக்கு வரும்போது, சாப்பாட்டு டோக்கனோடு அந்தக் கட்டையும் எடுத்து வாருங்கள். ஆண்டு, மாதம், ஊர், அச்சக விவரம் எழுதி ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, மூலத்தை உங்களிடமே திருப்பித் தந்துவிடலாம். நம் கல்லூரி நூலகத்தில் ஒரு அலமாரி அதற்கென்று ஒதுக்கினால் போதும். நூலகரும் தமிழ்த் துறையும் மனம் வைத்தால் ஒரு கோடை விடுமுறையில் முடிகிற வேலை இது. மாணவர்கள் கை கொடுப்பார்கள். முதல் கட்டைக் கொண்டு வர வேண்டியவர்கள் நாம்.